கொப்பியின் இடது பக்கம்: தோட்டப் பகுதியில் உளவளத்துணை தொடங்குபவர்களுக்கு

உளவளத்துணை (கவுன்சலிங்) டிப்ளோமாவை முடித்துவிட்டு, இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான ஹட்டன் பக்கமோ பதுளைப் பக்கமோ முதல் வேலைக்கு வருகிறவர்கள் என்னிடம் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "அக்கா, இங்க எந்த மாதிரி ஆளுங்க வருவாங்க?" நான் அவர்களை ஒரு சீஆர் கொப்பி (கெட்டி அட்டை நோட்டு) வாங்கி வரச் சொல்வேன். வலது பக்கம் வருகிறவரைப் பற்றி எழுத, இடது பக்கம் அவர் முன்னால் உங்களுக்குள் நடந்ததை எழுத. வலது பக்கத்தை எப்படி எழுதுவது என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். இடது பக்கத்தை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை, ஆகவே இதை எழுதுகிறேன்.

உளவளத்துணை தேடி வருகிறவருக்குப் பாடப்புத்தகத்தில் துணைநாடி என்று பெயர். எனக்கு அந்தச் சொல் நாக்கில் ஏறியதே இல்லை. வருபவர் என்றே சொல்கிறேன்.

முதலில், பிணைப்பு என்றால் என்ன

இடது பக்கத்தில் எழுதுவதைப் புரிந்துகொள்ளப் பிணைப்புக் கோட்பாடு (attachment) உதவும். இதைப் படித்திருப்பீர்கள் என்பதால் வேகமாகப் போகிறேன். குழந்தை தாயை ஒட்டிக்கொள்வது பாலுக்காக மட்டும் இல்லை, பயம் வரும்போது ஓடிப்போய் ஒண்டிக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்பதற்காகவும்தான் என்றார் ஜோன் போல்பி என்ற பிரித்தானிய மனநல மருத்துவர். அந்த ஆள் இருக்கிறார் என்ற தைரியத்தில்தான் பிள்ளை தூரம் போய் விளையாடுகிறது. போல்பியைச் சிறு வயதில் பார்த்துக்கொண்டவர் ஒரு ஆயா. போல்பிக்கு நாலு வயது இருக்கும்போது அந்த ஆயா வேலையை விட்டுப் போய்விட்டார். தாயை இழந்த மாதிரி இருந்தது என்று பெரியவரான பிறகும் அவர் நினைவுகூர்ந்தார். கோட்பாட்டை உண்டாக்கியவருக்கே ஒரு இடது பக்கம் இருந்திருக்கிறது.

அவரோடு சேர்ந்து உழைத்த உளவியலாளர் மேரி எயின்ஸ்வர்த், 1954-55 காலத்தில் உகண்டாவின் கம்பாலாவுக்குப் பக்கத்துக் கிராமங்களில் 26 குடும்பங்களை வீடு தேடிப் போய்ப் பார்த்தார். பிறகு அமெரிக்காவின் பால்டிமோரில் ஒரு சோதனையை அமைத்தார். 12 முதல் 18 மாதம் வரையான பிள்ளை, விளையாட்டுச் சாமான் உள்ள ஒரு அறை, தாய், முன்பின் தெரியாத ஒரு பெண். மொத்தம் சுமார் 20 நிமிடத்துக்குள் தாய் இரண்டு தடவை வெளியே போய்த் திரும்பி வருவார். பலர் நினைப்பது மாதிரி, தாய் போகும்போது பிள்ளை அழுகிறதா என்பது இங்கே முக்கியம் இல்லை. திரும்பி வந்ததும் என்ன செய்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

தாய் வந்ததும் ஓடிப்போய் ஒட்டி, ஆறி, மறுபடி விளையாடப் போகிற பிள்ளையின் பிணைப்பு பாதுகாப்பானது. வந்தவரைப் பார்க்காத மாதிரி பொம்மையை உருட்டிக்கொண்டிருப்பது தவிர்க்கும் பிணைப்பு. வெளியே அமைதியாகத் தெரியும் அந்தப் பிள்ளையின் இதயமும் வேகமாக அடிப்பதைப் பின்னால் அளந்து பார்த்தவர்கள் கண்டார்கள். தூக்கச் சொல்லிக் கையை நீட்டும், தூக்கினால் உதைக்கும், எவ்வளவு நேரமானாலும் ஆறாது என்றால் அது பதற்றப் பிணைப்பு. இந்த மூன்றிலும் அடங்காத பிள்ளைகளுக்காக மேரி மெய்ன், ஜூடித் சொலமன் என்ற ஆய்வாளர்கள் 1986இல் நாலாவது வகை ஒன்றைச் சேர்த்தார்கள். பக்கத்தில் வரப் போய் நடுவில் உறைந்து நின்றுவிடுகிற, ஒண்டிக்கொள்ள வேண்டிய ஆளே பயத்துக்கும் காரணமாகிவிட்ட குழப்பமான பிணைப்பு அது. இவற்றில் எதுவும் நோயின் பெயர் இல்லை. அந்த வீட்டில் பிழைக்க அந்தப் பிள்ளை கண்டுபிடித்த வழி, அவ்வளவுதான்.

இந்த வகைகளை லயத்துக்குள் அப்படியே கொண்டு போகாதீர்கள்

லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். அதில் 10க்கு 12 அடிக் காம்பராவில், அதாவது ஒரே அறையில், ஆறு பேர். விடியும்போதே அம்மா கொழுந்து பறிக்க மலைக்குப் போய்விடுவார். பிள்ளை பிள்ளைக்காம்பராவில் (தோட்டத்துப் பிள்ளை பராமரிப்பு இடம்) ஆயம்மாவிடம் இருக்கும், அல்லது அம்மாயியிடம் (அம்மாவின் அம்மா), அல்லது அடுத்த காம்பரா அக்காவிடம். சாயங்காலம் கொழுந்தை எடைபோட்டுவிட்டு அம்மா களைத்துப்போய் வரும்போது பிள்ளை அம்மாயியின் இடுப்பை விட்டு இறங்கவில்லை என்றால் உடனே 'தவிர்க்கும் பிணைப்பு' என்று எழுதிவிடாதீர்கள். அந்தப் பிள்ளைக்கு ஒண்டிக்கொள்ள மூன்று பேர் இருக்கலாம். அதில் அம்மா இரண்டாவது ஆளாக இருக்கலாம்.

இது என் சொந்த யோசனை மட்டும் இல்லை. அந்தப் பால்டிமோர் சோதனையை வைத்து 8 நாடுகளில் நடந்த 32 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த வான் ஐசண்டோர்ன், க்ரோனன்பர்க் என்ற இருவர் 1988இல் ஒன்றைக் காட்டினார்கள்: நாட்டுக்கு நாடு உள்ள வித்தியாசத்தைவிட ஒரே நாட்டுக்குள் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அதிகம். 'மலையகப் பிள்ளைகள் இப்படித்தான்' என்று யாராவது பயிற்சிப் பட்டறையில் சொன்னால் இதை ஞாபகப்படுத்துங்கள்.

பிரிவுக்கு இங்கே ஒரு நீண்ட சரித்திரம் இருப்பதும் உண்மை. 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், இங்கிருந்த இந்திய வம்சாவளி மக்களில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. அண்ணன் போக, தம்பி இருக்க, குடும்பங்கள் ரயில் நிலையத்தில் பிரிந்தன. அந்த ரயிலுக்கு மக்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. அதற்குப் பிறகு அம்மாக்கள் மத்திய கிழக்குக்கும், பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்கும் போனார்கள். இதைத் தெரிந்து வைத்திருங்கள். ஆனால் முன்னால் உட்கார்ந்திருப்பவர் சொல்வதற்கு முன்பே நீங்களே அதை அவர் தலையில் வைத்துவிடாதீர்கள். அம்மா வெளிநாட்டுக்குப் போனார் என்ற ஒரு வரியை வைத்து அந்தப் பிள்ளை எப்படி வளர்ந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. யார் பார்த்துக்கொண்டார்கள், போகும்போது சொல்லிவிட்டுப் போனாரா, போனில் பேசினாரா, திரும்பி வந்த நாள் எப்படி இருந்தது, இதெல்லாம் கேட்டால்தான் தெரியும்.

யாரையும் பார்ப்பதற்கு முன் ஒரு சாயங்காலம்

பெரியவர்களின் பிணைப்பை அறிய மேரி மெய்னும் சகாக்களும் 1980களில் ஒரு நேர்காணலை அமைத்தார்கள். அதில் ஒரு இடத்தில், சிறு வயதில் அம்மாவோடு இருந்த உறவை ஐந்து சொல்லில் சொல்லச் சொல்வார்கள். பிறகு ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சம்பவம் கேட்பார்கள். நேர்காணலை மதிப்பிடுகிறவர்கள் வாழ்க்கையில் என்ன நடந்தது என்பதைவிட அது எப்படிச் சொல்லப்படுகிறது என்பதைத்தான் கவனிப்பார்கள். கஷ்டமான சிறுபிராயம் இருந்தும் அதைத் தெளிவாக, தனக்கும் மற்றவருக்கும் நியாயமாகச் சொல்ல முடிகிறவர் உண்டு. 'எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு' என்று சொல்லிவிட்டு ஒரு சம்பவம்கூடக் காட்ட முடியாதவரும் உண்டு.

அதை மதிப்பிடத் தனிப் பயிற்சி வேண்டும். வருபவரிடம் அதை நடத்தப் போகாதீர்கள். ஆனால் அந்த ஐந்து சொல் வேலையை உங்களுக்கு நீங்களே செய்து பார்க்கலாம். கொப்பியின் முதல் இடது பக்கத்தில் எழுதுங்கள். அம்மாவுக்கு ஐந்து, அப்பாவுக்கு ஐந்து, உண்மையில் வளர்த்தவர் வேறு ஆள் என்றால் அவருக்கும் ஐந்து. எதிரே சம்பவம்.

நான் செய்ததைச் சொல்கிறேன். எனக்கு ஐந்து வயதாக இருக்கும்போது அம்மா குவைத்துக்குப் போனார். அம்மாயிதான் வளர்த்தார். அம்மாவுக்கு நான் எழுதிய சொற்கள்: தியாகி, உழைப்பாளி, பொறுமைசாலி, நல்லவர், அன்பானவர். தியாகி, உழைப்பாளி இரண்டுக்கும் எதிரே எழுதியது மற்றவர்கள் எனக்குச் சொன்ன கதை. 'அன்பானவர்' என்பதற்கு எதிரே ஒரு கார்கோ பெட்டிதான் வந்தது. டாங் பானப்பொடி டின், சோப்பு, பெட்டியைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் அந்த வாசம். பெட்டி நன்றாக ஞாபகம் இருந்தது. அம்மா முகம் ஞாபகத்தில் வரவில்லை. 'பரவாயில்லை, நல்ல நினைவுதானே' என்று பக்கத்தைத் திருப்பிவிட்டேன். அந்தப் 'பரவாயில்லை' எனக்கு இரண்டு வருடம் கழித்துத்தான் உறைத்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

போனில் பத்துக் கேள்விக்குப் பதில் சொன்னால் உங்கள் பிணைப்பு வகையைச் சொல்லிவிடும் சோதனைகள் நிறைய வருகின்றன. செய்து பாருங்கள், தப்பில்லை. ஆனால் அதில் வந்த பெயரைச் சட்டையில் குத்திக்கொண்டு திரியாதீர்கள். ஒரே ஆள் கணவனிடம் ஒரு மாதிரியும் மேலதிகாரியிடம் வேறு மாதிரியும் இருப்பார். உங்களுக்குத் தெரிய வேண்டியது, பயம் வந்தால் நீங்கள் எந்தப் பக்கம் சாய்கிறீர்கள் என்பது. ஒட்டுவீர்களா, ஒதுங்குவீர்களா?

ஒவ்வொரு சந்திப்பும் முடிந்ததும் ஐந்து நிமிடம்

அடுத்தவரை உள்ளே கூப்பிடுவதற்கு முன் இடது பக்கத்தை எழுத வேண்டும். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்றால் எழுதவே மாட்டீர்கள். பஸ்ஸில் ஏறியதும் மறந்துவிடும். நான் பயன்படுத்தும் கேள்விகள் இவை:

உடம்பு என்ன செய்தது? கொட்டாவி, தொண்டை இறுக்கம், கால் ஆட்டம், கடிகாரத்தை எத்தனை தடவை பார்த்தேன்.

என்ன செய்ய ஆசைப்பட்டேன்? திட்ட, கட்டிப்பிடிக்க, பணம் கொடுக்க, தப்பித்து ஓட.

என் வழக்கத்தை எங்கே மீறினேன்? நேரத்தைக் கூட்டினேனா, குறைத்தேனா, இரவில் போனை எடுத்தேனா.

இவர் எனக்கு யாரை ஞாபகப்படுத்துகிறார்?

எதைக் கேட்காமல் விட்டேன்?

கடைசிக் கேள்விதான் கஷ்டம். கேட்காமல் விட்டது நமக்கே தெரியாது. ஆனாலும் எழுதுங்கள். இரண்டு மூன்று வாரத்துக் குறிப்பைச் சேர்த்து வாசிக்கும்போது அது தானாகவே வெளியே வரும்.

இப்படி வருபவரால் நமக்குள் கிளம்பும் உணர்ச்சியை 1910இல் முதலில் பெயர் சொல்லிக் குறித்தவர் உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃப்ராய்ட். அதை ஒரு தடையாக, வைத்தியர் தாண்டிவர வேண்டிய ஒன்றாகப் பார்த்தார். 1949இல் வெளிவந்த கட்டுரை ஒன்றில் பிரித்தானிய உளப்பகுப்பாய்வாளர் வின்னிகொட், வைத்தியருக்கு வருபவர் மேல் வெறுப்புகூட வரும், அதை ஒத்துக்கொள்ளாமல் வேலை நடக்காது என்று துணிந்து எழுதினார். அடுத்த வருடமே போலா ஹைமன் என்ற இன்னொரு உளப்பகுப்பாய்வாளர், அந்த உணர்ச்சி வருபவரின் மனதை அறிய ஒரு கருவி என்றார். மூன்று பேர் சொல்வதும் சரிதான் என்பது என் அனுபவம். அன்று நமக்குள் கிளம்பியது எந்த வகை என்று பிரித்தறிவதில்தான் சிரமம்.

அதைப் பிரிக்க நான் ஒரு முரட்டு வழி வைத்திருக்கிறேன். இதே எரிச்சல் எனக்கு வேறு பலரிடமும் வருகிறதா? வந்தால் அது பெரும்பாலும் என் வீட்டுச் சாமான். இவர் முன்னால் மட்டும்தான் வருகிறதா, இவரோடு பழகும் மற்றவர்களுக்கும் வருகிறதா? அப்படியென்றால் அது அவருடைய வாழ்க்கையைப் பற்றி ஏதோ சொல்கிறது. பல நாட்களில் இரண்டும் கலந்தே இருக்கும்.

எதிரே உட்கார்ந்தால் எப்படி இருக்கும்

புத்தகத்தில் படித்த வகைகளை உங்கள் நாற்காலியிலிருந்து பார்த்தால் வேறு மாதிரித் தெரியும்.

கொழும்புக் கடையில் பத்து வருடம் வேலை செய்துவிட்டுத் திரும்பிய ஒருவர் வருகிறார். மனைவிதான் அனுப்பியிருக்கிறார். "ஒன்னும் இல்ல மிஸ், எல்லாம் சரி." அப்பா எப்போது இறந்தார் என்று கேட்டால் வருடத்தைச் சொல்வார், வேறு எதுவும் சொல்லமாட்டார். பத்து நிமிடத்தில் உங்களுக்குத் தூக்கம் வரும். அல்லது மௌனத்தைத் தாங்க முடியாமல் நீங்களே பேசிக்கொண்டிருப்பீர்கள். ஒதுங்குகிற சுபாவம் உள்ள உளவளத்துணையாளர் என்றால் சந்தோஷமாக 'பிரச்சினை இல்லை' என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவார். ஒட்டுகிற சுபாவம் என்றால் அவரை எப்படியாவது அழ வைத்துவிடப் பார்ப்பார், அவரும் அடுத்த வாரம் வரமாட்டார். அவரோடு மெதுவாகப் போங்கள். வேலையைப் பற்றிப் பேசுங்கள், கடை முதலாளியைப் பற்றிப் பேசுங்கள். உணர்ச்சி அங்கே சாமான் கணக்குக்கு நடுவில் எங்கேயோ இருக்கும். நடுவில் ஒரு நாள் "அன்னிக்கு யாரும் சொல்லி அனுப்பல மிஸ்" என்று ஒரு வரி வரும். அதைத் தாவிப் பிடிக்காதீர்கள். கேட்டேன் என்று காட்டினால் போதும்.

இன்னொருவர் அப்படியே எதிர். முதல் நாளே எல்லாவற்றையும் கொட்டுவார். "மிஸ்கிட்ட மட்டும்தான் சொல்ல முடியும்." அடுத்த வாரம் உங்களுக்கு ரொட்டியும் கட்டச் சம்பலும் கட்டிக்கொண்டு வருவார். இரவு பத்து மணிக்கு மிஸ்கோல். முதல் மாதம் உங்களுக்குப் பெருமையாக இருக்கும், இடது பக்கத்தில் அந்தப் பெருமையையும் மறைக்காமல் எழுதுங்கள். இரண்டாவது மாதம் மூச்சு முட்டும். மூன்றாவது மாதம் அவர் பெயரைப் போனில் பார்த்ததும் வயிறு இறுகும், அப்போது திடீரென்று கடுமையாகிவிடுவீர்கள். அவர் ஏற்கனவே பயந்துகொண்டிருந்ததும் இதற்குத்தான். ஆகவே முதல் நாளே நேரம் சொல்லுங்கள்: செவ்வாய் பத்து மணி, 50 நிமிடம், போன் இன்ன நேரத்துக்குள். ஒவ்வொரு செவ்வாயும் நீங்கள் அதே பத்து மணிக்கு அங்கே இருப்பதுதான் அவருக்கு மருந்து. அந்த ரொட்டியை ஒரு தடவை வாங்கிக்கொள்ளுங்கள். இங்கே வேண்டாம் என்று சொன்னால் அது வேறு காயம், 'எங்க கையில திங்க மாட்டாங்க' என்ற பழைய காயம்.

குழப்பமான பிணைப்போடு வருபவர் முன்னால் உங்கள் மண்டை மரத்துப்போகும். அவர் என்ன சொன்னார் என்று வலது பக்கத்தில் எழுத உட்கார்ந்தால் ஞாபகம் வராது. குடியும் அடியும் உள்ள வீடு, சிறு வயதில் துஷ்பிரயோகம், மண்சரிவில் ஒரே இரவில் குடும்பத்தை இழந்தது, இப்படி ஏதாவது பின்னால் இருக்கும். 2014 ஒக்டோபரில் மீரியபெத்தையில் லயங்கள் மண்ணில் புதைந்ததை நேரில் பார்த்த ஆட்கள் இன்னும் இந்த மலைகளில் இருக்கிறார்கள். உங்கள் மண்டை மரத்துப்போனால் அதை உங்கள் திறமைக்குறைவு என்று நினைத்து மறைக்காதீர்கள். அன்றே உங்கள் மேற்பார்வையாளரிடம், அதாவது உங்கள் வேலையைக் கேட்டு வழிகாட்டும் மூத்தவரிடம், பேசுங்கள். தனியாக இதில் இறங்க வேண்டாம். தற்கொலைப் பேச்சு வந்தால் கொப்பியை மூடிவிட்டு வைத்தியசாலைக்கு அனுப்பும் வேலையைப் பாருங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926, அவசர அம்புலன்ஸ் 1990, சிறுவர் விஷயம் என்றால் 1929. இந்த மூன்று எண்ணும் கொப்பியின் அட்டையில் இருக்க வேண்டும்.

1994இல் அமெரிக்காவில் மேரி டோசியரும் சகாக்களும், கடுமையான மனநோய் உள்ளவர்களைக் கவனிக்கும் பணியாளர்களை ஆராய்ந்தார்கள். பாதுகாப்பான பிணைப்புள்ள பணியாளர்கள் வருபவர் வெளியே காட்டுவதைத் தாண்டி அடியில் இருக்கும் தேவையைக் கவனித்தார்கள். பிணைப்பில் பாதுகாப்புக் குறைந்தவர்கள் வெளியே காட்டுவதற்கே பதில் கொடுத்தார்கள். ஒட்டுகிறவரை இன்னும் ஒட்ட விட்டார்கள், ஒதுங்குகிறவரை ஒதுங்கவே விட்டார்கள். இதை வாசித்தபோது எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. நல்ல வீட்டில் வளர்ந்தவர்கள்தான் இந்த வேலைக்கு லாயக்கு என்கிறார்களோ என்று. ஆனால் சிறு வயதில் கிடைக்காத பாதுகாப்பைப் பெரிய வயதில் சம்பாதிக்க முடியும் என்பதையும் இதே துறைதான் சொல்கிறது. அப்படிச் சம்பாதிக்கும் இடங்களில் ஒன்று இந்த இடது பக்கம்.

என் கொப்பியில் இருந்த ஓட்டை

சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மஸ்கெலியாப் பக்கம் நான் வேலை செய்தபோது 13 வயதுப் பிள்ளை ஒன்றைப் பாடசாலையிலிருந்து அனுப்பினார்கள். வகுப்பில் பேசுவதில்லை. அம்மா ஏழு வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். இருவரும் சேர்ந்தே வந்தார்கள். ஆறு வாரம் பார்த்தேன். நன்றாகப் போகிறது என்றுதான் நினைத்தேன்.

என் மேற்பார்வையாளர் கண்டியில் இருந்தார். அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவேன். ஆறு வாரக் குறிப்பையும் அவருக்கு வாசித்தேன். இருபது நிமிடம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்த அம்மாவோட பேர் என்ன?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. கொப்பியைப் புரட்டினேன். ஆறு வாரமும் 'தாய்' என்று மட்டும் எழுதியிருந்தேன். பிள்ளையின் பெயர், அம்மாயியின் பெயர், வகுப்பு ஆசிரியரின் பெயர்கூட இருந்தது. "சரி, இப்ப இடது பக்கத்த வாசி" என்றார். வாசித்தேன். 'தாய் பேசும்போது பேனாவால் மேசையைத் தட்டினேன்.' 'தாய் பிந்தி வந்தார், எரிச்சல்.' 'பிள்ளைக்கு டொஃபி கொடுத்தேன்.' 'தாய் அழுதார், மணியைப் பார்த்தேன்.' எல்லாம் என் கையெழுத்தில்தான் இருந்தது. எழுதினேனே தவிர ஒரு நாளும் திரும்பி வாசிக்கவில்லை.

டீச்சர் என்னைத் திட்டவில்லை. "உங்கம்மா திரும்பி வந்த அன்னிக்கு நீ எங்க இருந்த?" என்று மட்டும் கேட்டார். அந்த இடத்தில் அந்தக் கார்கோ பெட்டி ஞாபகம் வந்தது. பெட்டிக்குப் பின்னால் அம்மா நின்றுகொண்டிருந்தார். நான் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏழாவது வாரம் முதல் வேலையாக அந்த அம்மாவின் பெயரைக் கேட்டேன். பிறகு, "நீங்க வந்து இறங்குன அன்னிக்கு எப்படி இருந்துச்சு?" என்றேன். மகள் அம்மாயிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு தன்னை 'ஆன்ட்டி' என்று கூப்பிட்டதை அவர் சொன்னார். அதுவரை யாரிடமும் சொன்னதில்லையாம். பிள்ளை குனிந்தே இருந்தது. ஒன்றும் சொல்லவில்லை. போகும்போது அம்மாவின் கைப்பையைப் பிள்ளை தூக்கிக்கொண்டது.

இதிலிருந்து உங்களுக்கு வேண்டிய செய்முறை சின்னது. மாதம் ஒரு தடவை, இடது பக்கங்களை மட்டும் தொடர்ந்து வாசியுங்கள். யார் மேல் எரிச்சல் திரும்பத் திரும்ப வருகிறது, யாருக்கு மட்டும் டொஃபி. வலது பக்கத்தில் யார் பெயர் இல்லை என்றும் பாருங்கள்.

தப்பு செய்தால்

செய்வீர்கள். பஸ் பிந்தும், கூட்டம் என்று அலுவலகம் உங்களை இழுத்துக்கொள்ளும், ஆடி மழையில் தகரத்துச் சத்தத்துக்கு மேல் அவர் சொன்ன முக்கியமான வரி உங்களுக்குக் கேட்டிருக்காது. இங்கே ஒன்றை மறக்காதீர்கள்: உங்களைப் பார்க்க வருபவர் அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. அவருக்கு ஒரு பேர் போய்விட்டது, அதாவது ஒரு நாள் சம்பளம். நீங்கள் வராமல் விட்டால் அது வெறும் மனக்கஷ்டம் இல்லை, காசுக் கணக்கு.

"மன்னிச்சிருங்க, போன செவ்வாய் நான் வராதது என் தப்பு. நீங்க காத்துக்கிட்டு இருந்திருப்பீங்க" என்று நேராகச் சொல்லுங்கள். காரணம் இரண்டாவது. "பரவாயில்ல மிஸ்" என்பார்கள். இங்கே யாரும் மிஸ்ஸிடம் கோபப்பட மாட்டார்கள், அதற்குப் பதிலாக வராமல் விடுவார்கள். ஆகவே "கோவம் வந்திருந்தாலும் சொல்லலாம்" என்று ஒரு தடவை சேர்த்துச் சொல்லுங்கள். பெரியவர் ஒருவர் தன்னிடம் வந்து தப்பு என் மேல்தான் என்று சொன்னதை வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்கிறவர்கள் உண்டு.

சில சில்லறை விஷயங்கள்

நீங்களும் லயத்தில் பிறந்தவர் என்றால் 'நானும் தோட்டத்துப் பிள்ளைதான்' என்று சொல்ல நாக்கு துடிக்கும். சொல்வதற்கு முன் அது யாருக்காக என்று இடது பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள். நான் பல தடவை சொல்லியிருக்கிறேன். பாதி தடவை எனக்காகத்தான்.

'உங்களுக்குத் தவிர்க்கும் பிணைப்பு' என்று வருபவரிடம் சொல்லவே வேண்டாம்.

மேற்பார்வையாளர் கிடைக்கவில்லை என்றால் இதே வேலையில் இருக்கும் இருவரைப் பிடித்து மாதம் ஒரு ஞாயிறு ஹட்டனிலோ பண்டாரவளையிலோ உட்காருங்கள். சிக்னல் இருந்தால் போனில். பெயர் சொல்லாமல் பேசுங்கள். தோட்டத்தில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், 'மேட்டு லயத்து ஒரு அக்கா' என்றாலே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். உங்களுக்கே ஒருவரிடம் போய் உட்கார்ந்து பேச வேண்டும் போல இருந்தால் போங்கள், அது தோல்வி இல்லை.

இடது பக்கத்தில் யார் பெயரும் இருக்கக்கூடாது, நாளும் மணியும் போதும். அதை வலது பக்கத்தோடு ஒட்டாமல் தனித் தாளில் எழுதி இடது பக்கத்தில் செருகுவது இன்னும் நல்லது, அலுவலகம் கேட்டால் வலது பக்கத்தை மட்டும் கொடுக்கலாம். அலுவலக லாச்சியில் வைக்காதீர்கள். வீட்டிலும் தம்பி தங்கச்சி கையில் படாமல் பாருங்கள். மேற்பார்வையில் பேசி முடிந்த தாள்களை நான் அடுப்பில் போட்டுவிடுவேன்.

போகும்போது

ஒன்றரை வருடத்தில் உங்களுக்கு இடமாற்றம் வரும். வருபவருக்கு இது இன்னொரு பிரிவு. பிள்ளை தூங்கும்போது கிளம்பினால் அழாது என்று நினைத்து எத்தனையோ அம்மாக்கள் விடியற்காலையில் சொல்லாமல் கிளம்பியிருக்கிறார்கள். பாவம், அவர்களாலும் அந்த அழுகையைத் தாங்க முடியாமல்தான். எழுந்து பார்த்த பிள்ளைக்குத்தான் தெரியும் அந்தக் காலை.

இடமாற்றக் கடிதம் கைக்கு வந்ததும் சொல்லுங்கள். குறைந்தது நாலு சந்திப்பாவது மிச்சம் இருக்கும்போது. ஒட்டுகிறவர் அழுவார், திட்டுவார், திடீரென்று புதுப் பிரச்சினை ஒன்றைக் கொண்டு வருவார். ஒதுங்குகிறவர் "சரி மிஸ்" என்று சொல்லிவிட்டு அடுத்த வாரமே வராமல் விடுவார். அவருக்கு ஒரு தடவை நீங்களே போன் எடுத்து, வரச் சொல்லுங்கள். உங்கள் இடத்துக்கு வருபவரின் பெயரைச் சொல்லுங்கள், முடிந்தால் ஒரு நாள் அவரையும் அறைக்குள் உட்கார வையுங்கள். அந்த நாலு வாரமும் உங்களுக்கு வேலை அதிகம் என்று தோன்றும், சந்திப்பைச் சுருக்க ஆசை வரும். அதையும் எழுதுங்கள்.

மஸ்கெலியாவை விட்டுக் கிளம்பிய அன்று என் இடது பக்கத்தில் ஒரே வரிதான் இருந்தது: 'எல்லாரிடமும் சொல்லிவிட்டுத்தான் போகிறேன்.'